நிழலுக்கு வெயிலில் அளவெடுங்கள்

ஐந்தரை மணிக் கூட்டத்தை ஐந்தரை மணிக்கே தொடங்கி, நம் குடியிருப்பின் வரலாற்றில் முதன்முறையாக நம் எல்லோரையும் தாமதமாக வந்தவர்களாக்கிவிட்ட தலைவர் அவர்களே. முப்பது ஆண்டுகள் இரயில் நிலையத்தில் பச்சைக்கொடி அசைத்த அதே கையால் இன்று எனக்கும் பச்சைக்கொடி அசைத்திருக்கும் பெருந்தகையே. மேடையில் வீற்றிருக்கும் செயலாளர் அம்மையார் அவர்களே. முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் மூத்தோர்களே. அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயம் நெஞ்சுக்குள் இருந்தாலும் அதை முகத்தில் காட்டாமல் புன்னகைக்கும் தாய்மார்களே. எந்த மண்டபத்துக்குப் போனாலும் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடிக்கத் தெரிந்த பின்வரிசை நண்பர்களே. மேடையோரத்தில் பைக்குள் கால் வைத்து வரிசையாக நிற்கும் நூற்று நாற்பது மரக்கன்றுகளே, உங்கள் அனைவருக்கும் அன்பு கனிந்த, அடக்கம் நிறைந்த, வியர்வை வழிகிற என் வணக்கம்.

அழைப்பிதழில் எனக்கு ஒதுக்கியிருப்பது நன்றியுரை. நேரம் இரண்டு நிமிடம். தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்கள். ஐயா, வண்டி கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும், பயணிகள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

ஏன் தாமதம்? காரணம் இருக்கிறது. இன்று காலையில், எந்த வீட்டுக்கு எந்தக் கன்று வேண்டும் என்று நீங்கள் எழுதிப் போட்ட சீட்டுகளை அடுக்கிக் கொடுக்கச் சொல்லி என்னை உட்கார வைத்தார்கள். அடுக்கினேன். எண்பத்தாறு வீடுகளில் குல்மோகர் கேட்டிருக்கிறீர்கள். முப்பது வீடுகளில் நெட்டிலிங்கம். மிச்சமிருக்கும் இருபத்து நான்கு வீடுகளில் மரத்தின் பெயரே எழுதவில்லை. "எது சீக்கிரம் வளருமோ அது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

பூக்குமா என்று கேட்டீர்கள். சீக்கிரம் வளருமா என்று கேட்டீர்கள். இலை கொட்டுமா, யார் கூட்டுவது என்று கேட்டீர்கள். எல்லாம் கேட்டீர்கள், என் அருமைப் பெருமக்களே, ஒன்றே ஒன்றைக் கேட்டீர்களா? உச்சிவெயில் காலத்தில், மதியம் மூன்று மணிக்கு, என் வீட்டில் எந்தச் சுவர் சுடுகிறது, எந்த ஜன்னல் எரிகிறது, அந்த ஜன்னலுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டீர்களா? நூற்று நாற்பது சீட்டுகளில் ஒரு சீட்டும் கேட்கவில்லை. அதனால்தான் நன்றி சொல்ல வந்தவன் கதை சொல்ல நிற்கிறேன்.

நான் தையல்காரன். முப்பத்தோரு வருடமாக இந்தக் குடியிருப்பின் தோள்களை அளந்தவன். யாருடைய இடுப்பு எந்த வருடத்தில் எத்தனை அங்குலம் முன்னேற்றம் கண்டது என்பது என் நோட்டில் இருக்கிறது. முன்வரிசைப் பெரியவர்கள் மூச்சை உள்ளே இழுக்க வேண்டாம், இன்று நான் டேப் கொண்டுவரவில்லை.

எங்கள் கடை என்பது எங்கள் வீட்டின் மேற்கு அறை. அங்கே நான் வெட்டுவேன், என் அக்கா தைப்பாள். என் அக்காவை உங்களுக்குத் தெரியும். இதோ, மூன்றாம் வரிசை, இடது ஓரம். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள், அவளுக்குப் பிடிக்காது. பார்த்துவிட்டீர்கள். சரி, வீட்டுக்குப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

அக்காவின் மெஷின் அந்த மேற்கு ஜன்னலை ஒட்டித்தான் இருக்கும். வீட்டிலேயே நல்ல வெளிச்சம் வருகிற இடம் அது ஒன்றுதான். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவர்களுக்குத்தான் வெளிச்சத்தின் அருமை தெரியும். ஆனால் வெளிச்சம் வருகிற வழியில்தானே வெயிலும் வருகிறது? மதியம் இரண்டு மணிக்குச் சுவர் சுடத் தொடங்கும். மூன்று மணிக்குக் கத்தரிக்கோல் கைப்பிடி சுடும். நாலு மணிக்கு, இஸ்திரிப் பெட்டி எது, இரும்பு நாற்காலி எது என்று தொட்டால் தெரியாது.

வெயில்காலத்தில் வேலையைக் குறைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். எப்படிக் குறைப்பது? பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய நாற்பது நாள்தான் எங்கள் பிழைப்பின் முதுகெலும்பு. உங்கள் பிள்ளைகளின் சீருடைகள் அத்தனையும் அந்த நாற்பது நாளில் தைத்தாக வேண்டும். வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் எங்கள் வேலையும் உச்சத்தில் இருக்கும். குளிர்காலம் முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருப்போம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள். மாலை நாலு மணி. நான் குனிந்து வெட்டிக்கொண்டிருக்கிறேன். மெஷின் சத்தம் நின்றது. தையல்காரன் வீட்டில் மெஷின் நின்றால் ஊசி உடைந்தது, இல்லையென்றால் நூல் தீர்ந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டேன்.

"ஊசி போச்சாக்கா?"

பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால், அக்கா மெஷின்மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருக்கிறாள். கால் இன்னும் பெடல்மேலேயே இருக்கிறது. நீலச் சீருடைத் துணி அவள் முகத்துக்குக் கீழே நனைந்து கிடக்கிறது. ஆம்பளை அழலாமா என்று கேட்பவர்கள் அன்றைக்கு என்னை வந்து பார்த்திருக்க வேண்டும்.

டாக்டரம்மா ஊசி போட்டு, தண்ணீர் ஏற்றி, அக்கா கண் திறந்த பிறகு சொன்னார்கள்.

"சூடு உடம்பைத் தாக்கியிருக்கு. இந்தத் தடவை தப்பிச்சாங்க. இனிமே வெயில்காலத்துல மத்தியானம் அந்த ரூம்ல உக்காரக் கூடாது. மறுபடி இப்படி ஆனா என்னால உறுதி சொல்ல முடியாது."

அக்கா படுத்தபடியே கேட்டாள். "அப்ப நான் எங்க உக்காருறது?"

"வீட்டுல ரெஸ்ட் எடுங்கம்மா."

"மெஷின் வீட்டுலதான் இருக்கு" என்றாள் அக்கா.

டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பதினாறு வயதில் அந்த மெஷின்முன் உட்கார்ந்தவள் அவள். அவளுக்குச் சோகம் வந்தால் தைப்பாள், கோபம் வந்தால் வேகமாகத் தைப்பாள். அந்த ஜன்னலோரத்திலிருந்து அவளை எழுப்பிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? குளிர்சாதனம் மாட்டலாமே என்கிறார் பின்வரிசை நண்பர். மாட்டலாம் ஐயா. மதியத்தில் எங்கள் தெருவுக்கு வருகிற மின்சாரம் அரை உயிரோடு வரும். விசிறி சுற்றுகிறதா, சும்மா யோசிக்கிறதா என்று தெரியாது. அதில் குளிர்சாதனத்தை எங்கே மாட்டுவது?

ஆகவே ஒரு மரம் வைப்பது என்று முடிவு செய்தோம்.

நர்சரிக்காரரிடம் போனேன். நானும் உங்களைப் போலவே போய் நின்று, "குல்மோகர் குடுங்க, சீக்கிரம் வளருமாமே" என்றேன். அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எத்தனை அடி இடம்? சுவர் எத்தனை தூரம்? தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம்? கூரை என்ன உயரம்? பாஸ்போர்ட் வாங்கப் போனபோதுகூட என்னை இத்தனை கேட்கவில்லை. கடைசியில் சொன்னார்.

"குல்மோகர் பார்க்குக்கு நல்லது சார். வீட்டுக்கு வேணாம். நிழல் வேணுங்கிற நேரத்துல இலையைக் கொட்டிட்டுப் பூவோட நிக்கும். காத்துல கொம்பு படக்குன்னு ஒடியும். நெட்டிலிங்கம் அழகா நிக்கும், ஆனா அதோட நிழலு அதுக்கே பத்தாது. ஆலு, அரசு வெச்சீங்கன்னா வேரு வீட்டுக்குள்ள வந்து குசலம் விசாரிக்கும். வேப்பங்கன்னு கொண்டு போங்க. வெயிலு ஏறும்போது புது இலை விட்டுக் குடையா நிக்கும். அஞ்சு வருஷம் பொறுங்க."

கன்று கிடைத்தது. எங்கே நடுவது? இங்கேதான் பெருமக்களே, உங்கள் தையல்காரன் தன் தொழில் மூளையைத் திறந்தான். அளக்காமல் ஒரு சட்டைகூட வெட்டாதவன், அளக்காமல் மரம் நடுவானா? குளிர்காலம் வரட்டும், வேலை இல்லாத நேரத்தில் நிதானமாக அளப்போம் என்று காத்திருந்தேன். வந்தது குளிர்காலம். பதினெட்டு அடி மூங்கில் கழி ஒன்று வாங்கினேன். வளர்ந்த மரம் அந்த உயரம் இருக்கும் என்று கணக்கு. அக்கா கழியைத் தோட்டத்தில் ஒவ்வோர் இடமாக நட்டுப் பிடித்தாள். நான் மூன்று மணிக்கு அதன் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டேன். ஒரு நாள் இல்லை, நாலு நாள் அளந்தேன். தென்மேற்கு மூலையில் கழியை வைத்தபோது நிழல் நீண்டு வந்து, அக்காவின் ஜன்னலின் நட்ட நடுவில் விழுந்தது.

ஆகா, என்ன பொருத்தம் என்று பூரித்துப் போனேன். அளவு நோட்டை எடுத்து அதிலேயே எழுதினேன். வாடிக்கையாளர்: வேப்பமரம். உயரம்: பதினெட்டு அடி. தோள் அகலம்: பதினாறு அடி. ஒப்படைக்க வேண்டிய நாள்: ஐந்து வருடம் கழித்து.

ஐந்து வருடம் என்று சொல்ல ஐந்து நொடி போதும். வாழ்ந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி, அக்காதான் ஊற்றினாள். வெயில்காலம் வந்தால் பன்னிரண்டு மணிக்கு மெஷினை விட்டு எழுந்துவிடுவாள். சமையலறைத் தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்துக்கொண்டு, கையால் பொத்தான் தைப்பாள். மெஷினுக்கு ஓர் உறையும் தைத்தாள், தூசி படாமல் இருக்க என்றாள். முதலில் "என் மெஷின்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், மூன்றாம் வருடத்தில் "அந்த மெஷின்" என்று சொல்ல ஆரம்பித்தாள். அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

வந்தது ஐந்தாம் வருட வெயில். மரம் பதினேழு அடி. தலை நிறையத் தளிர். அக்கா மெஷின் உறையைக் கழற்றினாள். எண்ணெய் விட்டாள். காலர் துணிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு மணி. இரண்டரை. மூன்று. ஜன்னலில் நிழல் இல்லை. வெயில் முன்பு எப்படி அடித்ததோ அப்படியே அடித்தது. நான் வெளியே ஓடினேன். மரம் இருக்கிறது. மரத்துக்கு நிழலும் இருக்கிறது, கரும்பச்சையாய், அடர்த்தியாய், குளிர்ச்சியாய். ஆனால் அது எங்கள் தெற்குச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டு முற்றத்தில் விழுந்து கிடக்கிறது.

என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. சூரியன் தன் வழக்கப்படி போகிறது, அவ்வளவுதான். குளிர்காலத்தில் தெற்கே சாய்ந்து போகும். வெயில்காலத்தில் உச்சந்தலைக்கு மேலே ஏறி, மேற்கே இறங்கும்போது கொஞ்சம் வடக்கே ஒதுங்கியே இறங்கும். குளிர்காலத்தில் வடகிழக்கே நீண்ட நிழல், வெயில்காலத்தில் கிழக்கே திரும்பித் தெற்கே ஒதுங்கிவிட்டது. நான் அளந்ததில் அங்குலம் பிசகவில்லை, பருவம் பிசகிவிட்டது. கன்று சின்னதாக இருந்த வருடங்களில் அதன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று நான் கவனிக்கவும் இல்லை. பட்டினி வயிற்றுக்கு அளவெடுத்து, விருந்துக்குப் போகச் சட்டை தைத்தவன் நான். வேலை இல்லாத காலத்தில் அளந்தேன், தேவை இல்லாத காலத்து நிழலை அளந்தேன். துணியைத் தப்பாக வெட்டினால் ஒன்றரை மீட்டர் போகும், மரத்தைத் தப்பாக நட்டால் ஐந்து வருடம் போகும். அந்த ஐந்து வருடமும் என் அக்காவுடைய வருடங்கள்.

சரி, அந்த அடுத்த வீட்டு முற்றம் யாருடையது? வெல்டர் அண்ணனுடையது. இந்த மேடையின் இரும்புச் சட்டம் முழுக்க அவர் வைத்த வெல்டிங். நான் இத்தனை கனமான சொற்களைப் பேசியும் மேடை தாங்குகிறதே, அவர் கைவண்ணம்தான். ஆனால் அன்றைக்கு எனக்கும் அவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவருடைய வெல்டிங் பொறி பறந்து வந்து, எங்கள் கொடியில் கிடந்த சீருடை டவுசரில் பொத்தல் போட்டுவிட்டது. அவர் காற்று என்றார், நான் கொழுப்பு என்றேன். அதோடு சரி.

அந்த மனிதர், என் வேப்பமர நிழலில், இரும்பு பெஞ்சு போட்டு, காலை நீட்டி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். இப்போது சிரிக்கிறார் பாருங்கள், அதோ. எனக்கு வயிறு எரிந்தது. என் கன்று, என் வாளி, என் ஐந்து வருடம், அவருக்குக் குறட்டை. மறுநாளே மரம் வெட்டுகிறவரை அழைத்து வந்துவிட்டேன். கயிறு கட்டியாயிற்று, கோடரி எடுத்தாயிற்று. சுவருக்கு மேலே வெல்டர் அண்ணன் தலை தெரிந்தது.

"வெட்டப் போறீங்களா?" என்றார். மூன்று வருடத்தில் முதல் சொல்.

"என் மரம். வெட்டுவேன்."

"வெட்டுங்க. எனக்கென்ன." திரும்பியவர் மறுபடி தலையை நீட்டினார். "அந்தம்மா தினம் தண்ணி ஊத்தினதைப் பார்த்திருக்கேன். அதான் கேட்டேன்."

பதில் வராத கோபம் ரொம்பப் பொல்லாதது. "போடுங்கய்யா முதல் வெட்டு" என்று கத்தினேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. என் அக்காவின் குரல்.

"தம்பி, அந்த இரும்பைக் கொஞ்சம் தள்ளிப் போடுப்பா. நான் உக்காரணும்."

எட்டிப் பார்க்கிறேன். வாசல் வழியாக வெளியே போய், தெருவைச் சுற்றி, வெல்டர் வீட்டுக் கதவைத் திறந்து, ஸ்டூலும் காலர் கூடையுமாக அக்கா அங்கே நிற்கிறாள். தம்பி என்று அழைக்கப்பட்ட அதிர்ச்சியில் வெல்டர் அண்ணன் இரும்பைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

"அக்கா, அங்க என்ன பண்ற நீ?"

"நிழலு இங்கதானே இருக்கு. நான் வேற எங்க உக்காருவேன்?"

"அவரு வீடுக்கா அது."

"தெரியும். அவன் பொத்தல் போட்டது ஒரு டவுசர்ல. நீ இதை வெட்டினா எனக்கு இன்னும் அஞ்சு வருஷம் பொத்தல். எது பெரிசுன்னு நீயே டேப் வெச்சுப் பாரு." பிறகு மேலே நிமிர்ந்து, கோடரிக்காரரிடம் சொன்னாள். "நீங்க டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க. சர்க்கரை போடலாமா?"

பெருமக்களே, எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். அதைவிடச் சிறந்த பேச்சை நான் கேட்டதில்லை. கோடரி கீழே இறங்கியது. என் தலையும் கீழே இறங்கியது.

அன்று மாலை வெல்டர் அண்ணன் சுவரோரம் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "கையால காலர் தைச்சா எப்பத் தீரும்? மெஷினைத் தூக்கிட்டுத் தெருவைச் சுத்தவும் முடியாது. சுவத்துல ஒரு கதவு வைப்போம். மெஷினுக்கு அடியில நாலு சக்கரம் வெச்சுத் தரேன்." வைத்தார். ஊரிலேயே சக்கரம் வைத்த தையல் மெஷின் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அக்கா அதை உருட்டிக்கொண்டு போய், என் மரத்தின் நிழலில், அவர் முற்றத்தில் தைத்தாள். அவர் வெல்டிங் பட்டறையை வடக்கேயிருந்து முற்றத்தின் மறுகோடிக்கு மாற்றிக்கொண்டார். டவுசர்கள் தப்பித்தன.

இரண்டு நாள் கழித்து அக்கா என்னிடம் சொன்னாள். "இப்ப அள."

"எதை?"

"ஜன்னலுக்கு நிழலை. இப்பத்தான் அளக்கணும். இந்த வெயில்ல, இந்த மூணு மணிக்கு."

"சீருடை வேலை தலைக்கு மேல கிடக்கேக்கா."

"கிடக்கட்டும். போன தடவை வேலை இல்லாதப்ப அளந்து என்ன கண்டோம்?"

அளந்தோம். வருடத்திலேயே கொடிய வெயில். வெல்டர் அண்ணன் பதினெட்டு அடி இரும்புக் குழாயை ஈரச்சாக்கு சுற்றிப் பிடித்தார். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை, அரை மணிக்கு ஒரு கோடு, ஏழு கோடு போட்டேன். இடம் தெரிந்தது. ஜன்னலுக்கு நேர் மேற்கே, இம்மியளவு வடக்கே, சுவரிலிருந்து பன்னிரண்டு அடி. அந்த இடத்தில் எங்கள் துவைக்கிற கல் கிடந்தது. அதை நகர்த்தச் சோம்பல்பட்டுத்தான் முதல் தடவை அந்தப் பக்கமே கழியைக் கொண்டுபோகவில்லை என்பதையும் இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன். நானும் வெல்டர் அண்ணனும் சேர்ந்து கல்லைப் புரட்டினோம். மழை விழுந்ததும் புங்கங்கன்று வைத்தோம். நர்சரிக்காரர் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார்: "கீழ்க்கொம்பைக் கழிச்சுடாதீங்க சார். நாலு மணி வெயில் சாய்ஞ்சு வரும். மேல மட்டும் குடை பிடிச்சா இடுப்புல அடிக்கும்."

தலைவர் அவர்கள் கடிகாரத்தை என் பக்கம் திருப்பி வைக்கிறார்கள். தெரிகிறது ஐயா. இன்னும் ஒரே ஒரு நிலையம்தான்.

நூற்று நாற்பது வீட்டாரே, நான் உங்களிடம் கேட்பது இதுதான். கன்றை இன்று வாங்குங்கள். ஆனால் இன்று நடாதீர்கள். இன்னும் பத்து நாள் கொடுவெயில் மிச்சமிருக்கிறது, அதற்குப் பிறகு மழை வரும். அந்தப் பத்து நாளும் பொன்னான நாட்கள். நாளை மூன்று மணிக்கு, சலிப்பு வருகிற நேரத்தில், சபிக்கத் தோன்றுகிற வெயிலில், ஒரு கழியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வாருங்கள். எந்தச் சுவர் சுடுகிறது என்று கையை வைத்துப் பாருங்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். படிக்கிற பிள்ளையா, படுத்திருக்கும் தகப்பனா, அடுப்படியில் நிற்கிற மனைவியா, கைக்குழந்தையா? அவருக்கு அளவெடுங்கள். அவர் தோளில் நிழல் விழுகிற இடத்தில் நடுங்கள். வாசலுக்கு அழகு என்று நடாதீர்கள், வழிப்போக்கர் புகழ வேண்டும் என்று நடாதீர்கள்.

சீட்டில் எழுதியதை மாற்றலாமா என்று கேட்கிறீர்களா? தாராளமாக. நர்சரிக்காரர் வேன் வெளியே நிற்கிறது. வேம்பும் புங்கையும் மகிழமும் அதில் இருக்கின்றன. மாற்றித் தர அவர் சம்மதித்துவிட்டார். தலைவரும் தலையசைத்தார். தலையசைத்தாரா, வண்டியை நிறுத்தச் சொன்னாரா என்று உறுதியாகத் தெரியவில்லை, தலையசைத்ததாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே ஓர் அம்மா கை தூக்குகிறார்கள். சொல்லுங்கம்மா. "எங்க வீட்டுல மேற்கால அரை அடி மண்ணுகூட இல்லையே, நாங்க என்ன பண்றது?" அருமையான கேள்வி. இந்தக் கேள்விக்காகவே நான் இன்னும் மேடையை விட்டு இறங்கவில்லை. அம்மா, உங்கள் மேற்கே ஒரு வீடு இருக்கிறது அல்லவா? உங்கள் நிழல் அந்த வீட்டுத் தோட்டத்தில்தான் வளர வேண்டும். அப்படியானால் யாரிடம் பேச வேண்டும்? அவர்களுடைய நிழல் அதற்கும் மேற்கே இருக்கும் வீட்டில். நம் ஒவ்வொருவர் வீட்டு மூன்று மணியும் அடுத்தவர் வீட்டு மண்ணில் வேர்விட்டு நிற்கிறது. வேலி நாம் போட்டது, சுவர் நாம் எழுப்பியது, கோபம் நாம் வளர்த்தது. நிழலுக்கு அதில் ஒன்றும் தெரியாது. விழுகிற இடத்தில் விழும், உட்கார்ந்தவரைக் குளிர்விக்கும். பேசாமல் இருக்கிற அண்டை வீட்டார் யாராவது இந்த மண்டபத்தில் இருந்தால், வெளியே போகும்போது ஒரு வார்த்தை கேளுங்கள். "உங்க மரத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வைக்கலாமா?" அவ்வளவுதான். மூன்று வருடப் பகை ஒரு ஸ்டூல் போட்டதும் தீர்ந்ததை நான் கண்ணால் கண்டவன்.

முடிக்கிறேன். புங்கை வைத்து ஐந்து வெயில்காலம் போய்விட்டது. அத்தனை வெயிலிலும் அக்கா மதியமானால் மெஷினை உருட்டிக்கொண்டு தெற்கு வாசல் வழியே போவாள், மாலையானால் உருட்டிக்கொண்டு வருவாள். புங்கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தடவை ஏமாந்தவள் அல்லவா? நானும் பேசவில்லை. பேசினால் எங்கே மறுபடி பொய்யாகிவிடுமோ என்று பயம்.

போன வியாழக்கிழமை. இரண்டு மணி ஆயிற்று, அக்கா மெஷினை உருட்டவில்லை. ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் வெட்டுகிற மேசையில் குனிந்து நிற்கிறேன். என்ன துணி வெட்டினேன் என்று இன்றுவரை நினைவில்லை. மூன்று மணி. மெஷின் ஓடுகிறது. மூன்றரை. ஓடுகிறது. நாலு மணிக்கு, பதினோரு வருடத்துக்கு முன்னால் நின்ற அதே நேரத்துக்கு, மெஷின் நின்றது.

என் கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவியது. திரும்பிப் பார்க்கவே துணிச்சல் இல்லை. மெல்லக் கேட்டேன்.

"என்னக்கா?"

"இங்க ஒரே இருட்டா இருக்குடா" என்றாள். "நூலு கண்ணுக்குத் தெரியல. லைட்டைப் போடு."

திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் முழுக்கப் புங்கை இலைகளின் நிழல். அவள் தோளில், மடியில், நீலத் துணியில், எல்லாவற்றிலும் நிழல். வெளியே ஊரே கொதிக்கிறது, பட்டப்பகல் நாலு மணி, என் அக்கா ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிச்சம் பத்தவில்லை என்று என்னைக் கோபித்துக்கொள்கிறாள். நான் போய் விளக்கைப் போட்டேன். என் வாழ்நாளில் நான் எத்தனையோ சுவிட்சுகளைத் தட்டியிருக்கிறேன், தலைவர் அவர்களே. நிழல் வந்ததற்காகத் தட்டியது அந்த ஒன்றைத்தான்.

அந்த விளக்கைப் பகலில் போடுகிற பாக்கியம் உங்கள் நூற்று நாற்பது வீடுகளுக்கும் வாய்க்கட்டும்.

கன்றுகளைச் சுமந்து வந்த நர்சரிக்காரருக்கும், மேடையைத் தாங்கும் வெல்டர் அண்ணனுக்கும், கேள்வி கேட்ட அம்மாவுக்கும், கடிகாரத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு என்னைப் பேசவிட்ட தலைவருக்கும், வியர்த்து ஒழுகியும் விசிறியை விட்டு எழாமல் கேட்ட உங்களுக்கும், மூன்றாம் வரிசை இடது ஓரத்துக்கும் என் நன்றி. வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன், அதில் சாக்பீஸ் இருக்கிறது. கன்றோடு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நாளை மூன்று மணிக்கு அவரவர் தோட்டத்து வெயிலில் சந்திப்போம். வணக்கம்.